எதிராளி ஏன் மறுநாளே அதைச் செய்யவில்லை? வணிக வியூகம் கற்கத் தொடங்குவோருக்கு

வணிக வியூகம் கற்க விரும்பும் பலர் நாலு கட்டம் போட்ட ஓர் அட்டவணையோடுதான் வந்து நிற்கிறார்கள். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். கட்டங்களை நிரப்பிவிட்டால் வியூகம் தானாக வந்துவிடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பலம் என்ற கட்டத்தில் "தரம்" என்று எழுதாத நிறுவனத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பலவீனத்தில் எல்லோரும் "விளம்பரம் போதவில்லை" என்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே விடை வருகிற கணக்கில் ஏதோ கோளாறு இருக்கிறது. அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு வாருங்கள், வேறு வழியாகப் போவோம்.

இந்தப் பாதைக்கு எம்பிஏ வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். வாரத்துக்கு நாலைந்து மணி நேரம், ஒரு தடித்த நோட்டு, கூட்டல் கழித்தல் போடும் பொறுமை ஆகியவை போதும். ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்திருந்தால் பின்பாதி எளிதாகும், ஏனென்றால் நிறுவனங்களின் ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன.

முதல் மாதம்: ஒரே ஒரு கேள்வி

ஒரு வியாபாரம் நன்றாக ஓடுகிறது என்றால், எதிராளி ஏன் மறுநாளே அதையே செய்யவில்லை? தொடக்கத்திலிருந்து மேல்படி வரைக்கும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். படிக்கப் படிக்க விடைதான் ஆழமாகும், கேள்வி மாறாது.

சிக் ஷாம்புவை எடுத்துக்கொள்வோம். 1983இல் கடலூரில் 15,000 ரூபாய் முதலோடு சி.கே. ரங்கநாதன் அதைத் தொடங்கினார். பின்னாளில் கவின்கேர் என்று ஆன நிறுவனம் அதுதான். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் "பாக்கெட்டில் ஷாம்பு விற்றார், ஏழை எளியவர்கள் வாங்கினார்கள், ஜெயித்தார்" என்று முடித்துவிடுகிறார்கள். நம் கேள்வியைப் போட்டுப் பாருங்கள், அந்த விடை நிற்காது. அவருடைய தந்தை சின்னி கிருஷ்ணன் அதற்கு முன்பே பொருள்களைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்பதில் இறங்கியவர். சகோதரர்களின் வெல்வெட் ஷாம்புவும் பாக்கெட்டில் வந்துகொண்டிருந்தது. பாக்கெட் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. இன்று பன்னாட்டு நிறுவனங்களின் ஷாம்புவும் பெட்டிக்கடை வாசலில் சரமாகத்தான் தொங்குகிறது.

அப்படியானால் வேறு என்ன செய்தார்? எந்த நிறுவனத்தின் ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்று அறிவித்தார். அடுத்த கட்டத்தில் விதியை மாற்றினார்: ஐந்தும் சிக் பாக்கெட்டாகவே இருக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றும் யாரை என்ன செய்யவைத்தது என்று யோசியுங்கள். முதல் விதி, போட்டியாளரின் வாடிக்கையாளரைச் சிக் பக்கம் இழுக்கிறது. இரண்டாவது விதி, ஒருமுறை முயன்று பார்த்தவரைக் கடையில் சிக் என்று பெயர் சொல்லிக் கேட்க வைக்கிறது. பெயர் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் சரக்கு வாங்கி வைத்தே ஆக வேண்டும். இதைப் பெரிய நிறுவனம் செய்திருக்க முடியாதா? முடியும். ஆனால் பாட்டில் விற்று லாபம் பார்ப்பவருக்கு, பாக்கெட்டை இப்படித் தூக்கிப் பிடித்தால் தன் பாட்டில் விற்பனையே அடிபடுமோ என்ற தயக்கம் இருக்கும். சிக்குக்கு இழக்கப் பாட்டில் இல்லை. அந்தத் தயக்கம் நீடிக்கிற காலம்தான் சிறியவருக்குக் கிடைக்கிற இடைவெளி.

முதல் மாதத்தில் உங்கள் ஊரில் ஐந்து வியாபாரங்களை எடுத்து இதே கேள்வியைக் கேளுங்கள். ஒரு மினி பஸ் முதலாளி, ஒரு இனிப்புக் கடை, ஒரு டியூஷன் சென்டர், எதுவானாலும் சரி. தரம், நம்பிக்கை, உழைப்பு என்ற மூன்று சொற்களையும் விடையாக ஏற்காதீர்கள். எதிர்க்கடைக்காரரும் உழைக்கிறார், அவரும் காலை நாலு மணிக்குத்தான் எழுந்திருக்கிறார்.

இரண்டாம் கட்டம்: பைசா கணக்கு

இங்கேதான் பலர் நழுவிவிடுகிறார்கள். வியூகம் என்றால் பெரிய பெரிய யோசனைகள், கணக்கு என்றால் குமாஸ்தா வேலை என்று ஓர் எண்ணம். ஒரு பொருளை விற்றால் கையில் என்ன நிற்கும், எது மாறினால் அது மாறும் என்று தெரியாதவர் வியூகம் பேசுவது வெறும் வாய்ச்சவடால்.

இட்லி மாவு வியாபாரத்தைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் ஒரு பயிற்சிக்காக நான் வைத்துக்கொள்பவை, உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கிலோ பாக்கெட் 50 ரூபாய். கடைக்காரருக்கு 7 ரூபாய் போக நமக்கு 43. அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு எல்லாம் சேர்ந்து 24. கவர் 2. கரண்ட், ஆள் கூலி, கிரைண்டர் தேய்மானம் 6. வண்டியில் கொண்டுபோய்ப் போட 4. ஆக, செலவு 36. பாக்கெட்டுக்கு 7 ரூபாய் மிச்சம், 100 பாக்கெட்டுக்கு 700. நல்ல தொழிலாகத்தான் தெரிகிறது.

இப்போது ரிட்டர்ன் என்ற ஒன்றைச் சேருங்கள். விற்காமல் புளித்துப்போன பாக்கெட்டைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார், காசு தரமாட்டார். 100 போட்டு 10 திரும்பினால் வரவு 90 பாக்கெட்டுக்கு 3,870. செலவோ 100 பாக்கெட்டுக்கும் ஆகிவிட்டது: 3,600. மிச்சம் 270 ரூபாய். பத்துப் பாக்கெட் திரும்பினால் லாபம் பத்து சதவீதம் குறையும் என்றுதான் தோன்றும், ஆனால் அறுபது சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. 16 திரும்பினால் கையில் நிற்பது 12 ரூபாய். 17 திரும்பினால் முதலுக்கே மோசம்.

இந்த எண்ணைப் பார்த்த பிறகு உங்கள் கேள்விகள் மாறிவிடும் பாருங்கள். "மாவை எப்படி விளம்பரப்படுத்துவது" என்பது பின்னுக்குப் போய், "எந்தக் கடையில் எத்தனை பாக்கெட் வைப்பது, நேற்று என்ன விற்றது என்று இன்று எப்படித் தெரிந்துகொள்வது" என்பது முன்னுக்கு வருகிறது. அடுத்து, ஊர் முழுக்க நாற்பது கடையில் இரண்டிரண்டு பாக்கெட் போடுவதா, ஒரே பகுதியில் எட்டுக் கடையில் பத்துப் பத்தாகப் போடுவதா? விற்பனை எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் ஒரே பகுதி என்றால் வண்டிச் செலவு குறையும். காலையில் ஒரு சுற்றும் மாலையில் ஒரு சுற்றும் போக முடியும், மாலைச் சுற்றில் ஒரு கடையில் தேங்கியதை அடுத்த கடைக்கு மாற்றலாம், ரிட்டர்ன் குறையும். அகலக்கால் வைக்காதே என்று வீட்டில் சொல்வது இங்கே ரூபாய்க் கணக்காகவே தெரியும். எந்தப் பகுதிக்குப் போகமாட்டோம் என்று முடிவு செய்தீர்களே, அதுதான் உங்கள் முதல் வியூக முடிவு.

பெங்களூரில் 2005இல் பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவுச் சகோதரர்களும் சேர்ந்து தொடங்கிய ஐடி ஃப்ரெஷ் நிறுவனத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். மாவு அரைக்க யாருக்குத்தான் தெரியாது? ஆனால் சோப்பும் பிஸ்கெட்டும் விற்கும் பெரிய நிறுவனங்களின் வலைப்பின்னல், கிடங்கு, ஸ்டாக்கிஸ்ட், மொத்தக்கடை, சில்லறைக்கடை என்று மாதக்கணக்கில் கெடாத சரக்குக்காகக் கட்டப்பட்டது. பாக்கெட்டுக்குள்ளேயே பொங்கிக்கொண்டிருக்கும் மாவு அந்த வழியில் பயணம் செய்யாது. தினமும் கடைக்கே நேராகப் போகும் வண்டிகள் வேண்டும். பெரியவர்களிடம் பணம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், ஆனால் இருந்த வழி இந்தச் சரக்குக்கு உதவவில்லை.

இந்தக் கட்டத்துக்கு இரண்டு மாதம் கொடுங்கள். மூன்று தொழில்களுக்கு இப்படிக் கணக்குப் போட்டுப் பழகுங்கள். ஒன்றில் கடன் நாளையும் சேருங்கள்: சரக்குக்கு இன்று காசு கொடுத்து, விற்ற காசு 60 நாள் கழித்து வந்தால் இடையில் யார் பணத்தில் தொழில் நடக்கிறது? ரொட்டேஷன், அதாவது போட்ட காசு சுற்றித் திரும்பி வரும் கணக்கு, பார்க்கத் தெரியாமல் லாபத்தோடு முழுகிப்போன கடைகள் எல்லாக் கடைத்தெருவிலும் உண்டு.

மூன்றாம் கட்டம்: ஒரு துறை, ஒன்றே ஒன்று

இன்றைக்கு விமானம், நாளைக்கு ஸ்டார்ட்அப், அடுத்த நாள் சினிமா என்று மேய்ந்தால் எதுவும் தங்காது. ஒரு துறையை எடுத்து ஆறு மாதம் அதிலேயே இருங்கள். உங்கள் வீட்டிலோ ஊரிலோ யாராவது வேலை பார்க்கும் துறையாக இருந்தால் உத்தமம்.

ஒரு துறையில் லாபம் யார் கைக்குப் போகிறது என்று பார்க்க, ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979இல் முன்வைத்த ஐந்து விசைகள் என்ற சட்டகம் இன்றும் உதவுகிறது. ஏற்கெனவே இருக்கும் போட்டியாளர்கள், புதிதாக நுழையக்கூடியவர்கள், மாற்றுப் பொருள், வாங்குபவரின் பலம், மூலப்பொருள் தருபவரின் பலம் என்று ஐந்து பக்கமும் பார்க்கச் சொல்வது. பாடமாக மனப்பாடம் செய்தால் இதுவும் இன்னொரு நாலு கட்டம்தான். ஒரு துறையின் மீது வைத்துப் பார்த்தால்தான் உயிர் வரும்.

திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் நடுத்தரப் பனியன் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பெரிய கடைச் சங்கிலிகள். அவர்களுக்குத் திருப்பூர் இல்லையென்றால் வங்கதேசம், வியட்நாம். நூல் விலையை மில்கள் அறிவிக்கும், ஆர்டரை எடுத்தபோது ஒரு விலை, நூல் வாங்கும்போது வேறு விலை. சாயம் போட வெளியே கொடுக்க வேண்டும். நொய்யல் மாசு வழக்கில் 2011இல் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஊரே நின்றுபோனது, அதன்பிறகு கழிவுநீரை முழுவதும் சுத்திகரிக்க ஆகும் செலவு சாயக் கூலியில் ஏறியது. புதிதாக நுழைபவருக்குப் பெரிய தடை எதுவும் இல்லை: பத்துத் தையல் மெஷின், நிட்டிங்கிலிருந்து எம்பிராய்டரி வரை ஜாப் ஒர்க்குக்கு ஆட்கள் கூப்பிடு தூரத்தில். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், இவருக்கு ஐந்து பக்கமும்.

இதைப் படித்துவிட்டு "திருப்பூர் மோசமான துறை" என்று எழுதிவிட்டால் பாடம் பாதியில் நின்றுவிட்டது. இத்தனை அழுத்தத்திலும் சில கம்பெனிகள் நன்றாகச் சம்பாதிக்கின்றன. யார் அவர்கள்? சொந்த மில்லும் சொந்தச் சாயப்பட்டறையும் வைத்து நூலிலிருந்து உடுப்பு வரை தாங்களே செய்பவர்கள் சிலர். குழந்தைகள் உடை போல ஒரே வகையில் ஊன்றிக்கொண்டவர்கள் சிலர். ஏற்றுமதியை விட்டுவிட்டு உள்நாட்டில் சொந்த பிராண்டு வளர்த்தவர்கள் சிலர். ஒவ்வொருவரும் ஐந்தில் எந்தப் பக்கத்து அடியைத் தடுத்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். அதற்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்றும் எழுதுங்கள். சொந்தச் சாயப்பட்டறை வைத்தவர் ஆர்டர் குறைந்த மாதத்திலும் அதன் வட்டியைக் கட்டியாக வேண்டும்.

நாலாம் கட்டம்: நகலெடுக்க முடியாமல் போவது எதனால்?

இனி நம் கேள்வியின் விடைகளை வகை பிரிக்கலாம். வகைகள் அதிகம் இல்லை. இரண்டைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், மற்றவை பழகப் பழகக் கண்ணில் படும்.

முதல் வகை, எதிராளிக்கு நகலெடுக்க முடியும், ஆனால் எடுத்தால் அவருக்கே நஷ்டம். 1969இல் அகமதாபாதில் கர்சன்பாய் படேல் வீட்டுப் பின்புறத்தில் கலந்து விற்கத் தொடங்கிய நிர்மா சலவைத்தூள், சர்ஃப் விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சர்ஃபை விற்ற இந்துஸ்தான் லீவருக்கு மலிவான தூள் செய்யத் தெரியாதா என்ன? செய்தால் சர்ஃப் வாங்குபவர்கள் கீழே இறங்குவார்கள். அதோடு அவர்களுடைய தொழிற்சாலைச் செலவில் அந்த விலைக்கு விற்றுக் கட்டுப்படியாகாது. கடைசியில் 1980களில் வீல் என்ற வேறு பெயரில், வேறு செலவுக் கணக்கில்தான் திருப்பி அடித்தார்கள். அதற்குள் நிர்மா நாடெங்கும் பரவிவிட்டது. சிக் ஷாம்புவில் பார்த்த அதே தயக்கம்தான் இது, அளவுதான் பெரிது.

இரண்டாம் வகை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் ரகசியமே கிடையாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கினார். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு தொடங்கிய காரியம் அது. கண்புரை அறுவைச் சிகிச்சையில் அவர்கள் முறை இப்படி இருக்கும்: டாக்டர் ஒரு மேசையில் சிகிச்சை செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். முடித்ததும் டாக்டர் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார், காத்திருக்கும் நேரம் இல்லை. நோயாளியைத் தயார் செய்வது, கண்ணைச் சோதிப்பது, கண்ணாடி அளவு பார்ப்பது எல்லாம் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துத் தாங்களே பயிற்சி கொடுத்த பெண்கள் கையில். டாக்டருக்கு அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை மட்டும். இலவச நோயாளிகளைக் கண் முகாம் நடத்தி ஊரிலிருந்தே பஸ்ஸில் அழைத்து வருவார்கள். கட்டணம் கொடுப்பவர்களின் வருமானத்தில் கொடுக்க முடியாதவர்களுக்கும் சிகிச்சை. வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992இல் ஆரோலேப் தொடங்கி லென்ஸைத் தாங்களே தயாரித்தார்கள்.

இந்த முறையை அவர்கள் மறைத்து வைக்கவில்லை. பிற மருத்துவமனைகளுக்குக் கற்றுக்கொடுக்கவே தனிப் பயிற்சி நிறுவனம் நடத்துகிறார்கள். அப்படியும் நாட்டில் எல்லாக் கண் மருத்துவமனையும் அரவிந்த் ஆகிவிடவில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் பலன் இல்லை என்பதுதான் காரணம். இரண்டு மேசை போட்டால் போதாது, அவற்றை நிரப்ப முகாம் வேண்டும். முகாமில் கூட்டம் வந்தால் சமாளிக்கப் பயிற்சி பெற்ற பெண்கள் வேண்டும். எண்ணிக்கை பெருகினால்தான் லென்ஸ் விலை இறங்கும், லென்ஸ் விலை இறங்கினால்தான் இலவசச் சிகிச்சை தாங்கும். ஒவ்வொரு பாகமும் மற்றதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நோட்டில் இந்தப் பாகங்களை வட்டங்களாகப் போட்டு, எது எதைத் தாங்குகிறது என்று அம்புக்குறி இழுத்துப் பாருங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த துறையில் முன்னணி நிறுவனத்துக்கும் இதே படத்தைப் போடுங்கள். அம்புக்குறி வராத வட்டங்கள் வெறும் அலங்காரம்.

ஐந்தாம் கட்டம்: ஆவணங்களைப் படிப்பது

பத்திரிகைப் பேட்டிகளில் முதலாளிகள் சொல்வது பெரும்பாலும் பின்னால் கோத்த கதை. பொய் என்று சொல்லவில்லை, வெற்றிக்குப் பிறகு எல்லாம் திட்டமிட்டதுபோலத்தான் அவர்களுக்கே தோன்றும். அதனால் முடிவு எடுத்த காலத்தில் எழுதப்பட்டதைத் தேடிப் படியுங்கள்.

ஒரு நிறுவனம் பங்கு வெளியீட்டுக்கு வரும்போது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் தாக்கல் செய்யும் வரைவு ஆவணம், டிஆர்எச்பி, செபியின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பல நூறு பக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம். முதலில் இடர்கள் பகுதிக்குப் போங்கள். சட்டத்துக்குப் பயந்து உண்மையைச் சொல்லும் பகுதி அது. "எங்கள் வருவாயில் பெரும்பகுதி சில வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறது" என்று அங்கே இருக்கும். அதே ஆவணத்தில் பலங்களைச் சொல்லும் இடத்தில் "முன்னணி வாடிக்கையாளர்களுடன் நீண்டகால உறவு" என்று இருக்கும். இரண்டும் ஒரே விஷயம்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பெரிய வாடிக்கையாளர்களின் பங்கு மூன்றாண்டுகளில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று எண்ணைத் தேடுங்கள். அதன்பிறகு துறை பற்றிய பகுதி, பிறகு நிதிநிலை பற்றி நிர்வாகம் எழுதியது. போட்டியாளர்களோடு ஒப்பிடும் அட்டவணையில் யாரைச் சேர்த்திருக்கிறார்கள், யாரை விட்டிருக்கிறார்கள் என்பதும் கவனிக்கத் தக்கது. மீதியை வக்கீல்களுக்கு விட்டுவிடலாம்.

பங்குச் சந்தைப் பட்டியலில் உள்ள நிறுவனங்கள் காலாண்டு முடிவுக்குப் பிறகு முதலீட்டாளர்களோடு பேசும் உரையாடலின் எழுத்துவடிவம் பிஎஸ்இ, என்எஸ்இ என்ற பங்குச் சந்தைகளின் தளங்களில் கிடைக்கும். தொடக்க உரையைத் தாண்டிக் கேள்வி பதிலுக்குப் போங்கள். ஒரே நிறுவனத்தின் எட்டுக் காலாண்டுகளை வரிசையாகப் படித்தால், இரண்டு வருடத்துக்கு முன் பெரிதாகப் பேசிய திட்டம் எந்தக் காலாண்டில் சத்தமில்லாமல் காணாமல் போனது என்று தெரியும். இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

முறையான வகுப்பு வேண்டுமென்றால் ஸ்வயம், என்பிடிஇஎல் என்ற இணையவழிக் கல்வித் தளங்களில் வியூக மேலாண்மைப் பாடங்கள் இலவசமாக உண்டு. சொற்கள் பழக அவை போதும். பல்லாயிரம் ரூபாய் கேட்கும் வார இறுதிப் பயிலரங்குகளைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

ஆறாம் கட்டம்: தோற்றவர்கள், திருப்பி அடிப்பவர்கள்

ஜெயித்தவர்களை மட்டும் படித்தால் அவர்கள் செய்த எல்லாமே காரணமாகத் தெரியும். அதே காரியத்தைச் செய்து தோற்றவர்களையும் பக்கத்தில் வைக்க வேண்டும். இந்திய விமானத்துறை இதற்கு அருமையான பள்ளிக்கூடம். இண்டிகோ 2006இல் பறக்கத் தொடங்கியது, அதற்கு முந்தைய ஆண்டே 100 ஏர்பஸ் ஏ320 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. ஒரே ரக விமானம், ஒரே வகுப்பு. பைலட் பயிற்சி, உதிரி பாகம், பராமரிப்பு எல்லாம் ஒரே மாதிரி. கிங்ஃபிஷர் ஆடம்பரச் சேவையாகத் தொடங்கி, 2007இல் மலிவு விலை ஏர் டெக்கானில் பங்கு வாங்கி, இரண்டையும் ஒரே நிறுவனத்துக்குள் நடத்தப் பார்த்தது. 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸும் ஏர் சஹாராவை வாங்கி முழுச் சேவை, மலிவுச் சேவை இரண்டையும் சுமந்தது. 2019 ஏப்ரலில் நின்றது. கடன், எரிபொருள் விலை என்று வேறு காரணங்களும் உண்டு, ஆனால் எரிபொருள் விலை இண்டிகோவுக்கும் அதேதான்.

இங்கே நிறுத்திவிட்டால் நீங்கள் இன்னும் இடைநிலை மாணவர்தான். மேல்நிலைக்குப் போக அடுத்த கேள்வி: இதே தேர்வு எங்கே கையைக் கடிக்கும்? ஒரே ரகத்தை நம்பியதால், பிராட் அண்டு விட்னி எஞ்சினில் கோளாறு வந்தபோது இண்டிகோவின் பல டஜன் விமானங்கள் ஒரே சமயத்தில் தரையில் நின்றன. ஆட்களை இறுக்கமாகக் கணக்கிட்டு ஓட்டியதால், பைலட்டுகளின் பணி நேர விதிகள் கடுமையானபோது 2025 டிசம்பர் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாயின. பலத்தைக் கொடுத்த அதே முடிவில்தான் பலவீனமும் இருக்கிறது. தொடக்கத்தில் ஓரமாக வைத்த அட்டவணை இவற்றைத் தனித்தனிக் கட்டத்தில் போடச் சொல்கிறது, அதனால்தான் எனக்கு அதன்மீது மரியாதை குறைவு.

விலைப்போரும் இந்தக் கட்டத்துப் பாடம். 2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாக டேட்டா கொடுத்து இறங்கியது, 2017 மார்ச் வரை இலவசம் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் வேரூன்றி வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. நம்பரை மாற்றிக்கொள்ளக் கடைகளில் நின்ற கூட்டம் பலருக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாகின. விலையைக் குறைக்கலாமா என்று யோசிக்கும் எந்த முதலாளியும் கேட்க வேண்டியவை இதிலிருந்து வருகின்றன: எதிராளியும் குறைத்தால் என்ன ஆகும்? யாருக்கு வேறு வருமானம் இருக்கிறது? ஜியோவின் பின்னால் நின்ற ரிலையன்ஸுக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. ஏர்செல்லிடம் கடன் இருந்தது. எதிர்க்கடை அண்ணாச்சிக்குச் சொந்தக் கட்டடம், உங்களுக்கு வாடகை என்றால், விலைப்போரை நீங்கள் தொடங்கக் கூடாது.

கடைசியாக, கணிப்பு நோட்டு

படித்ததெல்லாம் புத்தியில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, முன்கூட்டியே எழுதிவைத்துப் பிறகு சரிபார்ப்பது. நிறுவனம் எடுத்த முடிவு, என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், எப்போதைக்குள், ஏன், எது நடந்தால் உங்கள் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள். இந்தக் கடைசி வரியை எழுதாத கணிப்பு ஜோசியம்.

பழக ஒன்று தருகிறேன். ஒரே வகுப்பில் வளர்ந்த இண்டிகோ 2024இல் பிசினஸ் வகுப்பு இருக்கைகளைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு நீண்ட தூரத்துக்கான ஏர்பஸ் ஏ350 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தது. நீங்கள் போட்ட வட்டங்களும் அம்புக்குறிகளும் உள்ள படத்தில் எந்த அம்புக்குறி அறுகிறது, எது புதிதாக முளைக்கிறது? கிங்ஃபிஷர் போன வழியா, வேறு வழியா? ஒரு பக்கம் எழுதித் தேதி போடுங்கள்.

பிறகு இதையே உங்கள் சொந்தத் தொழிலுக்கோ வேலை பார்க்கும் நிறுவனத்துக்கோ ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: யாருக்கு விற்கிறோம், யாருக்கு விற்கமாட்டோம், ஒரு விற்பனையில் என்ன மிச்சம், எதிராளி ஏன் நாளைக்கே இதைச் செய்யமாட்டார், செய்தால் நாம் என்ன செய்வோம். எழுதியதை வீட்டாரிடம் காட்டாதீர்கள், அவர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள். உங்களுக்குச் சரக்குக் கொடுக்கும் ஏஜென்சிக்காரரிடமோ, அந்தத் துறையை விட்டு விலகிய ஒருவரிடமோ காட்டுங்கள். மார்ச் மாதம் ஆடிட்டருக்காகக் கணக்கை எடுத்துவைக்கும் வாரத்தில் ஒருமுறை, தீபாவளி விற்பனை முடிந்ததும் இன்னொருமுறை அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதுங்கள். பழைய பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள், இரண்டு வருடம் கழித்து அதுதான் வேண்டியிருக்கும்.